மெஷினின் கண்ணுக்கு வைத்த பொட்டு

எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாதவனிடம் சந்தனக் கிண்ணத்தைக் கொடுக்கக் கூடாது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஆயுத பூஜையன்று என்னிடம் கொடுத்தார்கள். அதன் பலன் இன்றைக்கும் என் தலைக்கு மேல்தான் இருக்கிறது. உயர்வாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தலைக்கு மேல், கூரையில்.

நான் எட்டாவது வரை படித்தவன். அப்பா இறந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. அதன் பிறகு எந்த வேலையிலும் எட்டு மாதம் தாண்டியதில்லை. லாரி கிளீனர், ஓட்டலில் மாவாட்டல், செங்கல் சூளை, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நாவல்பழ வியாபாரம். (வியாபாரம் என்றால் ஒரு கூடை. பாதியை நானே தின்றேன்.) பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் சில மாதம் படுத்திருக்கிறேன். மழைக்காலம் தவிர மற்றபடி அது மோசமில்லை. யாரும் என்னைத் துரத்தியது கிடையாது. ஒரு நாள் காலை எழுந்தால் கால் வேறு பக்கம் போகும், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் கால் அம்பத்தூரில் ஒரு ஃபைபர் கம்பெனிக்குள் போனது. கண்ணாடியை நூலாக இழுத்து, அந்த நூலைப் பாய் போல ஆக்கியிருப்பார்கள். அதற்கு மேட் என்று பெயர். நாலு மேட்டை மோல்ட் என்ற அச்சில் அடுக்கி, ரெசின் என்ற பிசினை ஊற்றி, மேலிருந்து பிரஸ் இறங்கிச் சூடாக அழுத்தினால் இரும்பு மாதிரிக் கெட்டியான தகடு வரும். ஆனால் வெளிச்சம் ஊடுருவும். கூரையில் ஓட்டுக்கு நடுவே வெளிச்சத்துக்காகப் போடுவார்களே, அந்தத் தகடு.

அதற்கு முன்னால் அங்கே ஜவுளிக்கடை பொம்மைகள் செய்துகொண்டிருந்தார்களாம். விற்காதவை ஷெட்டின் கடைசியில் நின்றன. சிலதுக்குத் தலை இல்லை, சிலதுக்குக் கை இல்லை. ஒருத்திக்கு மட்டும் எல்லாம் இருந்தது, கண் மட்டும் வரையாமல் விட்டிருந்தார்கள். நான் எந்தப் பக்கம் நின்று வேலை செய்தாலும் அவள் என்னைப் பார்ப்பது போலவே இருக்கும். கண் இல்லாதவள் எப்படிப் பார்ப்பாள் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மேட் வெட்டும்போது கண்ணாடித் தூள் பறக்கும். வெயிலில் அது பொன் மாதிரி மிதக்கும். உடம்பில் படிந்தால் அரிப்பு. சாதாரண அரிப்பு இல்லை, தோலுக்கு அடியில் யாரோ மெதுவாக நடந்து போவது மாதிரி. சொறிந்தால் அவர் இன்னும் உள்ளே போவார். அதனால் காலையில் வந்ததும் எல்லோரும் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, சாப்பிடும்போதுகூடச் சொறியாமல் சிலை மாதிரி உட்கார்ந்திருப்போம். வெளியாள் யாராவது பார்த்தால் எங்களுக்கும் பொம்மைகளுக்கும் வித்தியாசம் தெரியாது.

இந்த அரிப்புக்கு முடிவு கட்டத்தான் முதலாளி அந்த மெஷினை வாங்கினார். (அப்படி அவர் சொன்னார். ஆளைக் குறைக்கத்தான் என்று ஏகாம்பரம் அண்ணன் சொன்னார். இரண்டுமே உண்மை.) எங்கோ வெளிநாட்டில் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து வந்த பழைய சரக்கு. ஒரே ஒரு கை. தோள் உண்டு, முழங்கை உண்டு, விரல் கிடையாது. விரல் இருக்க வேண்டிய இடத்தில் தட்டையாக ஒரு தலை. அந்தத் தலை மேஜைமேல் இருக்கும் மேட்டின்மீது வந்து உட்காரும். உள்ளேயிருந்து சாய்வாக ஊசிகள் வெளியே வரும், பூனை நகம் நீட்டுகிற மாதிரி. மேட்டைப் பிடித்துத் தூக்கும், திரும்பும், மோல்டில் வைக்கும், ஊசியை உள்ளே இழுத்துக்கொள்ளும். எல்லாம் காற்றழுத்தத்தில் நடப்பதால் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு பெருமூச்சு வரும்.

மனிதக் கை படாமல் வேலை செய்கிறது, கையில் தூசி ஒட்டுவதில்லை, வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறது. எனவே ஏகாம்பரம் அண்ணன் அதற்குத் துரை என்று பேர் வைத்தார். அவர் வாயில் அது தொரை.

பெட்டியைப் பிரித்த அன்றைக்கு ஒரு விஷயம் நடந்தது. ஊசிகளுக்கு நடுவே ஒரு துணுக்குத் துணி மாட்டியிருந்தது. நீலத் துணி. அதில் வெள்ளைப் பொத்தான் ஒன்று, தைத்த நூலோடு.

"பேக்கிங் துணியா இருக்கும்," என்றார் முதலாளி.

"பேக்கிங் துணிக்கு எதுக்கு சார் பட்டன்?" என்றார் ஏகாம்பரம் அண்ணன்.

முதலாளி ஆபீஸ் அறைக்குள் போய்விட்டார். அண்ணன் அந்தத் துணுக்கைத் தூக்கிப் போடவில்லை. ஷெட்டில் சாமி படம் இருந்த பலகையில், படத்துக்குப் பின்னால் வைத்தார். அதன் பிறகு துரையிடம் வேலை பார்க்க யாரும் முன்வரவில்லை. நான் முன்வந்தேன். தைரியத்தால் இல்லை, அரிப்பால்.

ஒரு பொறியாளர் நாலு நாள் வந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தார். மூன்றே விஷயம்தான். மேஜையின் நடுவில் சின்னதாக ஒரு கண்ணாடி வட்டம், அதுதான் துரையின் கண். மேட் அதை மூடியிருக்கும் வரை மேஜையில் சரக்கு இருக்கிறது என்று நினைத்து வேலை செய்வார். மேட் தீர்ந்ததும் கண்ணில் வெளிச்சம் படும், மணி அடித்துவிட்டு நின்றுவிடுவார். இரண்டாவது, நாலு முறை எடுத்து வைத்த பிறகுதான் ரெசின் ஊற்றும், பிரஸ் இறங்கும். மூன்றாவது, எது தப்பாகப் போனாலும் சிவப்புப் பொத்தான்.

வேலை சுலபம். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் காற்றை நிறுத்திவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அந்தக் கை விட்ட இடத்தில் இருக்காது. மெதுவாகத் தழைந்து, கொஞ்சம் திரும்பி இருக்கும். எங்கோ காற்றுக் கசிகிறது என்றார் பொறியாளர். இருக்கலாம். ஆனால் அது எப்போதும் நான் சாப்பிட உட்கார்ந்த பக்கமாகத்தான் திரும்பியிருக்கும். இரண்டு முறை இடம் மாறி உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் முறை வெளியே டீக்கடையில் போய்ச் சாப்பிட்டேன். வந்து பார்த்தால் கை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஓடிப்போயிருக்க வேண்டியவன்தான். எட்டு மாதமும் முடிந்துவிட்டது. ஓடாததற்குக் காரணம் தமயந்தி.

நான் வேப்பம்பட்டில் ஒரு அறையில் இருந்தேன். அவள் ஆவடியில் ரயில் ஏறி அம்பத்தூரில் ஒரு டைப் அடிக்கும் ஆபீசுக்கு வருவாள். பிளாட்பாரத்தில் பேசத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. அவள் அப்பா சங்கரலிங்கம், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. தமயந்திக்கு மூன்று வயது இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். அப்பாவிடம் எதையும் மறைக்காத பெண் ஆனதால் என்னையும் மறைக்கவில்லை.

என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து அவர் சொன்னது இதுதான்:

"தம்பி, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. எட்டாங்கிளாசு, அது கெடக்கட்டும். ஒரு எடத்துல ஒட்டாத ஆளுன்னு சொல்லுதாங்க. அதையும் நான் நேர்ல பாத்துக்கிடுதேன். ஆனா ஜாதகம் பொருந்தணும். அதுல மட்டும் எங்கிட்ட வளைஞ்சு குடுக்கதுக்கு ஒண்ணுமில்ல."

வெளியே வந்ததும் தமயந்தி குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு ஏழுல செவ்வாய். நாலு வரன் அதுலதான் போச்சு. உங்களுக்கு எப்படி?"

எனக்கு ஜாதகமே கிடையாது. அம்மா சொல்லியிருந்த நாளையும் நேரத்தையும் வைத்து நசரத்பேட்டை ஜோசியர் ஒருவர் எழுதித் தந்தார். அதில் செவ்வாய் யாருக்கும் தொந்தரவு தராமல் ஒரு மூலையில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. சாதுச் செவ்வாயும் ஏழாமிடத்துச் செவ்வாயும் சேராது. ஆக, இரண்டு காகிதமும் ஜோசியர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படும் நிமிடத்தில் என் கதை முடிந்துவிடும். அந்த நாளையும் குறித்துவிட்டார்கள். ஆயுத பூஜை. அன்று எஸ்டேட்டில் எல்லாக் கம்பெனியும் குடும்பத்தாருக்குத் திறந்திருக்கும். காலையில் அப்பாவும் பெண்ணும் கம்பெனிக்கு வந்து என்னைப் பார்ப்பது, மதியம் நேராக நசரத்பேட்டை.

சாகப்போகிற ஆள் கடைசி ஆசையாக எதையாவது பிரமாதமாகச் செய்ய நினைப்பான் இல்லையா, அந்த நிலைமையில் இருந்தேன். சந்தனக் கிண்ணம் கைக்கு வந்தது.

அன்று காலை துரைக்கு நான் செய்த அலங்காரத்தை வேறு யாரும் எந்த மெஷினுக்கும் செய்திருக்க மாட்டார்கள். தோளில் சந்தனப் பட்டை, முழங்கையில் சந்தனம், ஒவ்வொரு போல்ட்டுக்கும் தனித்தனியாகப் பொட்டு. சுவிட்சுப் பெட்டியின்மேல் முழத்துக்குக் குறையாத கனத்தில் சாமந்தி மாலை, அதன் நடுவே எலுமிச்சம்பழம். மேஜையைத் துடைக்கும்போது நடுவில் அந்தச் சின்னக் கண்ணாடி வட்டம் தெரிந்தது. நெற்றியில் பொட்டு இல்லாத முகம் மாதிரி மூளியாகத் தெரிந்தது. கெட்டியாகச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். திருப்தியாக இருந்தது. போகிற போக்கில் கண் வரையாத அந்த பொம்மைக்கும் ஒரு பொட்டு.

"இன்னாடா இது, கண்ணாலப் பொண்ணு மாதிரி சோடிச்சு வச்சுக்கீற," என்றார் ஏகாம்பரம் அண்ணன். "பாத்துக்கோ. பூஜை முடிஞ்சதும் தொரையத் தொடாத. இன்னிக்கு அதுக்கு லீவு. வருஷத்துல ஒரு நாளு தூங்கறத எழுப்பாத."

"சரிண்ணே," என்றேன். அன்றைக்கு நான் போட்டிருந்த புதுச் சட்டை அவருடையது. சட்டை கொடுத்தவரிடம் வேறென்ன சொல்ல முடியும்.

பதினொரு மணிக்குச் சங்கரலிங்கமும் தமயந்தியும் வந்தார்கள். அவர் வெள்ளை வேட்டி, சட்டை. கக்கத்தில் மெல்லிய மல்துணியில் சுற்றிய ஒரு பொட்டலம், ஓரங்களில் மஞ்சள் தடவியது. உள்ளே தமயந்தியின் ஜாதகம். நாலு மாப்பிள்ளைகளைத் துரத்திய காகிதம்.

சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து எல்லாம் முடிந்தது. மற்றவர்கள் வாசல் பக்கம் பொரி, சுண்டல் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஷெட்டின் உள்ளே நாங்கள் மூன்று பேர், ஏகாம்பரம் அண்ணன், பொம்மைகள், துரை. மெஷின் எதுவும் ஓடாத ஷெட் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கூரைத் தகடு வழியாக இறங்கிய வெயிலில் கண்ணாடித் தூள் நின்ற இடத்திலேயே நின்றது.

சங்கரலிங்கம் துரையை மேலும் கீழும் பார்த்தார். "இதைத்தான் நீங்க ஓட்டுதீங்களாக்கும்?"

"ஆமா சார்."

"எங்க, ஓட்டுங்க பாப்போம்."

ஏகாம்பரம் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தமயந்தியைப் பார்த்தேன். அவள் நான் போட்டிருந்த ஏகாம்பரம் அண்ணன் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் என் மூளை ஒரு திட்டம் போட்டது. (போட்டிருக்கக் கூடாது. அதற்குப் பழக்கமில்லை.) மூன்றே மேட் வைத்தால், மூன்று முறை எடுத்து வைத்துவிட்டு, மேஜை காலி என்று மணி அடித்துத் துரை நின்றுவிடுவார். நாலாவது இல்லாததால் ரெசினும் வராது, பிரஸும் இறங்காது. வித்தையும் காட்டினது மாதிரி இருக்கும், லீவு நாளில் வேலை வாங்கின பாவமும் வராது. விளக்கெல்லாம் எரிந்தால் அழகாக இருக்குமே என்று காலையிலேயே எல்லா சுவிட்சையும் போட்டு வைத்திருந்தேன். பிரஸ் தகதகவென்று சூடாக இருந்தது.

மேஜையில் மூன்று மேட் வைத்தேன். ஓட விட்டேன்.

துரை பெருமூச்சு விட்டு எழுந்தார். சந்தனக் கை வெயிலில் மஞ்சளாக நீண்டது. ஊசிகள் வெளியே வந்தன. முதல் மேட். அது காற்றில் தொங்கியபடி போனபோது வெள்ளைத் துணி போர்த்தி யாரையோ தூக்கிப் போவது போல இருந்தது. இரண்டாவது. சங்கரலிங்கம் கைகட்டி நின்றார். மூன்றாவது. மேஜை காலி.

அந்தச் சமயம் பார்த்து முதலாளி வீட்டு அம்மா உள்ளே வந்து, "மொத மொத வந்திருக்கீங்க, வாங்கிக்குங்க," என்று பொரிப் பொட்டலத்தையும் சுண்டல் தொன்னையையும் நீட்டினார்கள். பிரசாதத்தை ஒரு கையால் வாங்கும் குடும்பமில்லை அவர்களுடையது. இரண்டு கையும் வேண்டும். சங்கரலிங்கம் கக்கத்திலிருந்த ஜாதகத்தை எடுத்து, அக்கம்பக்கம் பார்த்தார். இருப்பதிலேயே சுத்தமான இடம், சந்தனமும் குங்குமமும் வைத்த இடம், வேலை முடிந்து காலியாகிவிட்ட அந்த மேஜைதான். அதன் நடுவில், பயபக்தியோடு, பொட்டின்மேல் வைத்தார்.

மணி அடிக்கவில்லை.

அதுவரை எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மணி எங்கே என்று யோசிக்கும்போதுதான் காலையில் நான் எதன்மேல் சந்தனம் அப்பினேன் என்பது ஞாபகம் வந்தது. துரையின் கண்ணை மூடியிருந்தேன். கண் மூடியிருந்தால் மேஜையில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

கை திரும்பி வந்தது. பொட்டலத்துக்கு நேர் மேலே வந்து ஒரு கணம் நின்றது. எப்போதும் அந்த இடத்தில் நிற்கும்தான், காற்று மாறுகிற நேரம். ஆனால் அன்று யோசிப்பது போல இருந்தது. பிறகு இறங்கியது. ஊசிகள் வெளிவரும் சத்தம் எனக்கு ஒவ்வொன்றாகக் கேட்டது. மல்துணியின் நாலு மூலையிலும் நகம் பதிந்தது. தமயந்தியின் ஜாதகம் மேஜையைவிட்டு எழுந்தது.

"ஏய், ஏய், அதை எங்க கொண்டு போகுது?" என்றார் சங்கரலிங்கம், இரண்டு கையிலும் பிரசாதத்தோடு.

சிவப்புப் பொத்தானை நோக்கிப் பாய்ந்தேன். சுவிட்சுப் பெட்டி முழுக்கச் சாமந்தி. பூவுக்குள் கையை விட்டு உருண்டையாக எது அகப்பட்டதோ அதை என் பலம் முழுவதையும் கொண்டு அமுக்கினேன். எலுமிச்சம்பழச் சாறு கண்ணில் அடித்தது.

ஒற்றைக் கண்ணோடு திரும்பினால், பொட்டலம் மோல்டுக்குள் மேட்டின்மேல் படுத்திருந்தது. குழாயிலிருந்து தேன் மாதிரி ரெசின் அதன்மேல் வட்டமிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மல்துணி நனைந்து காணாமல் போயிற்று. உள்ளே கட்டங்களும் எழுத்துகளும் குளத்து அடியில் தெரிவது போல எழும்பி வந்தன. மேலே பிரஸ் மெதுவாக இறங்கத் தொடங்கியது.

இப்போது நினைத்தால் எனக்கே விளங்காத காரியம் இதுதான். எனக்கு அந்தக் காகிதம் ஒழிந்தால் நல்லது. அப்படியே நின்றிருந்தால் போதும். நான் பிரஸுக்கு அடியில் கையை விட்டேன்.

கை ஜாதகத்தைத் தொடுவதற்குள், திரும்பிப் போய்க்கொண்டிருந்த துரையின் தலை என் முழங்கை மேல் உராய்ந்தது. ஊசி சட்டைக் கையில் மாட்டியது. ஒரு பக்கம் அது இழுக்கிறது, தலைக்கு மேல் பிரஸ் இறங்குகிறது, முகத்தில் அனல். எதிரே பொட்டு வைத்த பொம்மை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பின்னாலிருந்து யாரோ என் காலரைப் பிடித்து இழுத்தார்கள். துணி கிழியும் சத்தம். நான் தரையில் விழுந்தேன். என்மேல் சுண்டல் விழுந்தது. பிரஸ் மூடியது.

காலரைப் பிடித்திருந்தவர் சங்கரலிங்கம்.

"கோட்டிக்காரப் பய," என்றார் மூச்சு வாங்க. "கை முக்கியமால, காயிதம் முக்கியமா?"

ஏகாம்பரம் அண்ணன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். கரண்ட் போனாலும் பிரஸ் திறக்காது, எண்ணெய் அழுத்தம் பிடித்துக்கொள்ளும். சூடு இறங்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். நாங்கள் நின்றோம். உள்ளே ஏதோ வேகும் வாசனை வந்தது, பிசினும் சந்தனமும் கலந்து. 

அண்ணன் மட்டும் துரையின் தலைப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். ஊசிகளுக்கு நடுவே என் சட்டைக் கையின் துணுக்கு மாட்டியிருந்தது. அவர் சட்டைதான். அதில் ஒரு பொத்தான், தைத்த நூலோடு.

அவர் சாமி படத்துப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். "அந்தாளு கையி என்னா ஆச்சோ," என்றார் மெதுவாக. பிறகு துணுக்கை எடுத்துப் போய் நீலத் துணுக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

பிரஸ் திறந்தபோது உள்ளே ஒரு தகடு இருந்தது. கெட்டியாக, தேன் நிறத்தில், ஓரம் சுத்தமாக. அந்தக் கம்பெனியில் நான் செய்த தகடுகளிலேயே அதுதான் நேர்த்தி. நடுவில் தமயந்தியின் ஜாதகம், இனி யாராலும் எடுக்க முடியாதபடி. முதலாளி வந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஃபினிஷிங் நல்லா வந்திருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சங்கரலிங்கம் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. ஜோசியரிடம் போவதென்றால் போவதுதான். தகட்டைச் சாக்கில் சுற்றி, பூந்தமல்லி பஸ்ஸில் நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனோம். சாக்கையும் மீறிச் சூடு வந்துகொண்டே இருந்தது, உள்ளே ஏதோ உயிரோடு இருப்பது போல. தமயந்தி முன் சீட்டில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நொந்துபோனேன். (சிரித்தாளாம். கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள்.)

நசரத்பேட்டை ஜோசியர் சாக்கைப் பிரித்தார்.

"இன்னாங்க இது, பாத்ரூம் கதவா?"

"ஜாதகம்," என்றார் சங்கரலிங்கம்.

ஜோசியர் தகட்டைத் தூக்கி மேற்கு ஜன்னலில் சாய்த்து வைத்தார். மாலை வெயில் அதன் வழியாக உள்ளே வந்தது. எதிர்ச் சுவரில் கட்டம் விழுந்தது, ஆள் உயரத்துக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் கிரகங்களின் எழுத்துகள் மங்கலாக, லேசாக ஆடியபடி. ஜோசியர் காகிதத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படித்தார். தன் தொழிலில் அவரே பயந்துபோய் நான் பார்த்த ஒரே தருணம் அது.

குரு, சுக்கிரன், சனி என்று விரலால் காற்றில் தொட்டுக்கொண்டே வந்தார். ஒரு கட்டத்தில் விரல் நின்றது. அந்தக் கட்டத்தில் எழுத்து இல்லை. வட்டமாக, பளீரென்று, வெறும் வெளிச்சம். தகட்டில் அந்த இடத்தில் ஒரு காற்றுக் குமிழி. பிரஸ் இறங்கும்போது வெளியேற முடியாத காற்று காகிதத்தைக் கருக்கி, எழுத்தைத் தின்றுவிட்டு, அங்கேயே தங்கிவிட்டது.

ஏழாமிடம்.

"இங்க எதுனா இருந்துச்சா?" என்று கேட்டார் ஜோசியர்.

நான் தமயந்தியைப் பார்க்கவில்லை. தமயந்தி என்னைப் பார்க்கவில்லை. சங்கரலிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்ச வட்டம் அவர் சட்டைப்பையின் பக்கமாக மெதுவாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

"தெரியலயே," என்றார்.

"பொறந்த நேரம் சொல்லுங்க, நான் புதுசா போட்டுக்கறேன். இதுல அந்த வரி மடிப்புக்குள்ள போயிருக்கு."

"அவ அம்மைக்குத்தான் தெரியும். எனக்கு ஞாபகம் இல்ல."

ஜோசியர் சுவரை இன்னொரு முறை பார்த்தார். "எனக்குத் தெரியறதத்தான் நான் சொல்லுவேன். தெரியறது வரைக்கும் தடை ஒண்ணும் இல்ல," என்றார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது.

அது முடிந்து பல நாள் கழித்து, ஒரு நாள் காலை ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். தொழிற்சாலையில் காலைச் சங்கு ஊதியது. தமயந்தி காபி ஆற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "நான் பொறந்தது இந்தச் சங்கு ஊதும்போதுதான். அப்பா வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாங்க. இந்தா, இப்ப சொல்வாங்க பாருங்க."

முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா அன்று எதுவும் சொல்லவில்லை. பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

வேலையும் போகவில்லை. துரையை வேறு யாரும் தொட மாட்டேன் என்றதால் முதலாளி என்னையே நிரந்தரமாக்கினார். அந்தக் கடிதத்தில் ஒரு வரி உண்டு: இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், பூ, எலுமிச்சம்பழம் ஆகியவை சாத்தக் கூடாது. எஸ்டேட் முழுவதிலும் அப்படி ஒரு வரியோடு வேலை உத்தரவு வாங்கியவன் நான் ஒருவன்தான். எட்டு மாதக்காரன் அங்கே பதினொரு வருடம் இருந்தேன். ஏகாம்பரம் அண்ணனுக்குச் சட்டை மட்டும் இன்னும் வாங்கித் தரவில்லை என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அந்தத் தகடு இப்போது வேப்பம்பட்டில் எங்கள் வீட்டு ஓட்டுக் கூரையில் இருக்கிறது. வெயில் உச்சிக்கு வரும்போது என் மனைவியின் ஜாதகம் கூடத்துத் தரையில் விழும். கட்டங்கள் மெதுவாக நகர்ந்து, அடுப்படி வாசல் வரை போகும். குழந்தைகள் அதில் பாண்டி ஆடி வளர்ந்தார்கள். எங்களுக்குள் சண்டை வந்து தமயந்தி குரலை உயர்த்தினால், பெண் தரையைக் காட்டி, "அம்மா, ஏழாங்கட்டத்துல நிக்கிற, தள்ளி நில்லு," என்பாள். சண்டை அத்தோடு நின்றுவிடும். மாமா இருந்தவரை அந்த வெளிச்ச வட்டத்தை மட்டும் மிதிக்காமல் சுற்றிப் போவார். 

சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்குப் பிறகு, குமிழியின் ஓரத்தில் ஏதோ கறுப்பாகத் தெரிய ஆரம்பித்தது. ஈரம் இறங்கியிருக்கலாம். பூஞ்சையாகவும் இருக்கலாம். ஆனால் தரையில் விழும்போது ஒரு எழுத்தின் வளைவு மாதிரி, 'செ'யின் கொம்பு மாதிரி இருந்தது. தமயந்திதான் முதலில் பார்த்தாள். உள்ளே போனாள். ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் மறு கையில் ஏணியுமாக வந்தாள்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கூரையில் ஏறி அந்தக் குமிழிக்குப் பொட்டு வைப்பது என் வேலை. கெட்டியாக அப்பச் சொல்கிறாள். அப்புகிறேன். முதலாளி தந்த கடிதத்தில் தடை இருப்பது இயந்திரத்துக்கு மட்டும்தான்.